இருதரப்பும் கைதட்டிய நாடகம்: ஆக்கிரமிப்பின் கீழ் பாரிசில் கிரேக்கத் துன்பியல்

(அரங்கியல் ஒன்றுகூடலொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1944ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள். பாரிஸ் மாநகரின் மொன்மார்த்ர் குன்றின் அடிவாரத்திலுள்ள அத்தெலியே என்னும் அரங்கில் புதிய நாடகமொன்று முதன்முறையாக மேடையேறியது. நகரம் ஜேர்மானியப் படைகளின் பிடியில் நான்காவது குளிர்காலத்தைக் கடந்துகொண்டிருந்தது. வீடுகளில் நிலக்கரி இல்லை. மின்சாரம் அடிக்கடி நின்றுபோனது. நாடகம் முடிந்ததும் கடைசி மெத்ரோ தொடருந்தைப் பிடிக்க ஓடவேண்டிய அவதி. அதைத் தவறவிட்டால் ஊரடங்கு நேரத்தில் தெருவில் அகப்படும் ஆபத்து. இவ்வளவுக்கும் நடுவில் மக்கள் அரங்குக்கு வந்தனர். பிரெஞ்சு மாணவரும் இருந்தனர். ஜேர்மானியச் சீருடை அணிந்த அதிகாரிகளும் இருந்தனர். அவர்கள் கண்டது, தமையனின் உடலுக்கு மண் தூவியமைக்காக மரண தண்டனை பெறும் ஒரு பெண்ணின் கதை. திரை விழுந்தபோது இருதரப்பினரும் கைதட்டினர்.

அந்நாடகம் ழான் அனூய் எழுதிய 'அன்ரிகனி'. சோபோகிளிஸ் ஏறத்தாழ கி.மு. 441இல் ஏதென்சில் அரங்கேற்றிய துன்பியலின் மறுவாக்கம். யார் எதற்காகக் கைதட்டினர் என்ற வினா அன்றைய இரவே எழுந்தது. இன்றுவரை அது முற்றாக அடங்கவில்லை. ஆக்கிரமிப்பின் கீழ் ஒரு கலைஞன் தன் மக்களோடு பேச விரும்பினால், அவன் பேச்சு முதலில் ஆக்கிரமிப்பாளனின் மேசையைக் கடந்தாக வேண்டும். அம்மேசையைக் கடக்க உதவிய அதே மறைப்பு, பின்னர் அவன் பேச்சின் பொருளையும் மறைத்துவிடாதா? இவ்வுரையின் அக்கறை இதுவே.

முதலில் காலப் பின்னணி. 1940 யூன் 14இல் ஜேர்மானியப் படைகள் பாரிசுக்குள் நுழைந்தன. யூன் 22இல் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தானது. மார்ஷல் பெத்தானின் தலைமையில் விஷி நகரிலிருந்து இயங்கிய அரசு, ஆக்கிரமிப்பாளரோடு ஒத்துழைக்கும் வழியைத் தேர்ந்தது. பாரிசின் அரங்குகளோ நெடுங்காலம் மூடிக்கிடக்கவில்லை. நகரம் வழமைபோல் இயங்குகிறது என்று உலகுக்குக் காட்டுவது ஜேர்மானியரின் விருப்பம். வருவாயும் ஆறுதலும் பிரெஞ்சுக் கலைஞரின் தேவை. இவ்விரண்டும் ஒரு புள்ளியில் சந்தித்தன என்பது கசப்பான உண்மையாகும். ஆக்கிரமிப்புக் காலத்தில் பாரிஸ் அரங்குகள் நிறைந்து வழிந்தன. அவ்வாறு நிறைந்தமையைக் கொண்டு மட்டும் அதை எதிர்ப்பென்றோ அடிபணிவென்றோ கூறிவிட இயலாது. குளிர்ந்த வீட்டிலிருந்து மனிதர் கூடும் இடம் தேடிச் செல்வதும் மனித இயல்பே.

ஆயினும் அரங்கைத் திறப்பதற்கு ஒரு விலை இருந்தது. ஒவ்வொரு நாடகப் பிரதியும் ஜேர்மானியப் பரப்புரைப் பிரிவின் அனுமதியைப் பெறவேண்டும். யூத இனத்தவர் எவரும் மேடையில் இருத்தல் கூடாது. 1923இல் மறைந்த மாபெரும் நடிகை சாரா பெர்னார்டின் பெயரைத் தாங்கியிருந்த அரங்கின் முகப்பிலிருந்து அப்பெயரே அகற்றப்பட்டது. காரணம், அவருடைய யூதப் பிறப்பு. அந்தக் கட்டடத்துக்கு 'நகர அரங்கு' என்ற பொதுப்பெயர் சூட்டப்பட்டது. 1942 யூன் மாதத்தில் விஷி அரசு பிறப்பித்த ஆணை, யூதர்களை நாடகம், திரைப்படம், இசை ஆகிய தொழில்களிலிருந்து விலக்கியது. அடுத்த மாதம் ஜேர்மானிய நிருவாகம் யூதர்கள் அரங்குகளுக்குள் பார்வையாளராக நுழைவதையும் தடைசெய்தது. அதே யூலை மாதம் 16ஆம், 17ஆம் நாள்களில் பாரிசிலும் அயற்பகுதிகளிலும் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் பிரெஞ்சுக் காவற்றுறையினராலேயே சுற்றிவளைத்துக் கைதுசெய்யப்பட்டனர்.

எனவே, 1944இல் அன்ரிகனியைக் கண்டு கண்ணீர் வடித்த அவையில் யார் இருந்தனர் என்று வினவுவோர், யார் இல்லை என்பதையும் சேர்த்தே வினவுதல் வேண்டும். புதைக்கப்படாத உடலுக்காக அழுத அந்த மண்டபத்துக்குள், கல்லறையே இல்லாமல் அழிக்கப்பட்டுக்கொண்டிருந்த மக்களில் ஒருவர்தானும் சட்டப்படி கால்வைக்க முடியாதிருந்தது. அக்கால அரங்கின் பெருமை பேசும் பல நூல்கள் இதனை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

கிரேக்கக் கதையை ஏன் தெரிந்தெடுத்தனர்? தணிக்கையாளன் தேடுவது நிகழ்காலத்தை. ஊர்ப்பெயர், கட்சிப்பெயர், படைத்தளபதியின் பெயர் என்று அவன் விரல் ஒவ்வொரு வரியாக ஊர்ந்து செல்லும். தீப்ஸ் நகரத்தையும் ஆர்கோஸ் நகரத்தையும் கண்டால் அந்த விரல் தளர்ந்துவிடும். மேலும், பழைய கிரேக்கத்தின் வாரிசுகள் தாமே என்று நாசிகள் உரிமை கொண்டாடினர். 1936இல் பேர்லின் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடைபெற்ற வேளையில் ஈஸ்கிலசின் 'ஒரெஸ்தையா' முத்தொகுதியை அந்நகரின் அரச அரங்கு பெருமிதத்தோடு மேடையேற்றியது. ஒலிம்பியாவிலிருந்து தீச்சுடரை ஓடிச் சுமந்துவரும் வழக்கம் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. அப்படிப்பட்டவர்களின் அலுவலகத்தில் சோபோகிளிசின் பெயர் ஒரு நற்சான்றிதழ் போலவே செல்லுபடியானது.

அந்த வாரிசுரிமையின் உண்மை நிறத்தைக் கிரேக்க மக்கள் தம் மண்ணிலேயே கண்டனர். 1941 ஏப்ரல் 27இல் ஜேர்மானியப் படை ஏதென்சுக்குள் புகுந்து அக்ரோபொலிஸ் குன்றின்மீது சுவஸ்திகக் கொடியை ஏற்றியது. மே 30ஆம் நாள் இரவு மனோலிஸ் கிளேசோஸ், லாக்கிஸ் சாந்தாஸ் என்ற இரு இளைஞர் குன்றின்மேல் ஏறி அக்கொடியை இறக்கினர். தொடர்ந்து வந்த குளிர்காலத்தில் ஏற்பட்ட பெரும்பஞ்சத்தில் பல்லாயிரவர் பட்டினியால் மாண்டனர். ஈஸ்கிலசைப் போற்றியவர்கள் ஈஸ்கிலசின் ஊரைப் பட்டினியிட்டனர். இதற்கு மேல் அதுபற்றி விரித்துரைக்கத் தேவையில்லை.

இங்கு ஒரு சிறு விலகல் பொருந்தும். பழங்கதையின் போர்வையில் நிகழ்காலத்தைப் பேசுவது பாரிஸ் எழுத்தாளர்களின் கண்டுபிடிப்பு அன்று; கிரேக்கத் துன்பியல் பிறந்த காலத்திலேயே அதற்கான தேவை இருந்தது. கி.மு. 494இல் மிலேத்தஸ் நகரம் பாரசீகரிடம் வீழ்ந்தது. ஏதென்ஸ் மக்களுக்கு உறவான நகரம் அது. அவ்வீழ்ச்சியைச் சில காலத்துக்குள்ளேயே ஃபிரினிக்கஸ் என்னும் நாடகாசிரியர் மேடையில் காட்டினார். அரங்கமே கதறியழுதது. ஏதென்ஸ் அரசு அவருக்கு ஆயிரம் திராக்மா தண்டம் விதித்ததோடு அந்நாடகத்தை இனி எவரும் ஆடக்கூடாதெனவும் ஆணையிட்டது. வரலாற்றாசிரியர் ஹெரொதோத்தஸ் இதனைப் பதிவுசெய்துள்ளார். புண்ணை நேராகத் தொட்டால் தண்டம். பழங்கதையின் வழியே தொட்டால் பரிசு. துன்பியல் ஆசிரியர் பெரும்பாலும் தொல்கதைகளையே நாடியமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருத்தல் கூடும்.

இனி, பாரிசில் மேடையேறிய இரு நாடகங்களை நோக்கலாம்.

முதலாவது, ழான்-போல் சார்த்தரின் 'ஈக்கள்'. 1940இல் போர்க்கைதியாகப் பிடிபட்ட சார்த்தர், ஜேர்மனியின் திரியர் நகரை அடுத்த முகாமில் அடைக்கப்பட்டார். அவ்வாண்டு கிறிஸ்மஸ் நாளில் சக கைதிகளைக் கொண்டு அவர் ஒரு நாடகம் ஆடினார். இயேசு பிறப்புக் கதை என்று காவலர் அதனை அனுமதித்தனர். ரோமரின் ஆட்சிக்குள் வாழும் யூதேயாவின் கதை என்று கைதிகள் அதனைப் புரிந்துகொண்டனர். அனுமதி பெற்ற கதையினுள் அனுமதி பெறாத கதையை வைக்கும் வித்தையை அவர் கற்றது அங்கேதான். 1941இல் விடுதலையாகிப் பாரிஸ் திரும்பியவர் அடுத்து கையிலெடுத்தது ஒரெஸ்தசின் கதையை.

அகமெம்னன் கொலையுண்டு பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. கொன்றவன் ஏகிஸ்தஸ் அரியணையில் இருக்கிறான். துணைநின்ற கிளைத்தெம்னெஸ்திரா அரசியாக அவன் அருகில் இருக்கிறாள். ஆர்கோஸ் நகரை ஈக்கள் மொய்க்கின்றன. அரசனின் குற்றத்துக்கு மக்கள் அனைவரும் பாவப்பரிகாரம் செய்யவேண்டும் என்று அரசனும் கடவுளும் சேர்ந்து அவர்களைப் பழக்கியிருக்கின்றனர். ஆண்டுக்கொருமுறை இறந்தோர் நாள். அன்று முழு நகரமும் மார்பில் அறைந்துகொண்டு தன்னைத்தானே நொந்துகொள்ளும். 1940இன் தோல்விக்குப் பிரெஞ்சு மக்களின் இன்பநாட்டமே காரணம், ஆதலால் துன்புற்றுத் திருந்துங்கள் என்று விஷி அரசு வானொலியிலும் மேடைகளிலும் ஓயாது ஓதிக்கொண்டிருந்த காலம் அது. அரங்கில் இருந்தோர் ஈக்களின் இரைச்சலை எங்கே முன்னர் கேட்டிருந்தனர் என்று விளக்கவேண்டியதில்லை.

ஒரெஸ்தஸ் ஊர் திரும்புகிறான், கொடுங்கோலனைக் கொல்கிறான், தாயையும் கொல்கிறான். செய்ததற்கு வருந்த மறுக்கிறான். சகோதரி எலெக்ரா வருத்தத்தின் பிடியில் வீழ்ந்து கடவுளிடம் சரணடைய, அவன் ஈக்களை எல்லாம் தன்பின்னே இழுத்துக்கொண்டு நகரைவிட்டு வெளியேறுகிறான்.

இக்கொலை 1943இல் எதைக் குறித்தது? 1941 ஒக்ரோபர் 20இல் நான்த் நகரில் ஜேர்மானியத் தளபதி கார்ல் ஹொற்ஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். இரு நாள்களில் 48 பணயக்கைதிகள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுள் ஷாதோப்ரியான் முகாமிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட கி மோக்கே என்ற சிறுவனுக்கு வயது பதினேழு. சுட்டவன் வேறொருவன், செத்தவர்கள் வேறு. எதிர்ப்பில் இறங்கும் ஒவ்வொருவனும் சுமக்கவேண்டியிருந்த கொடிய கணக்கு இது. தன் செயலால் பிறர் சாவர் என்று அறிந்தும் செயற்படுபவன், அதன்பின் எவ்வாறு வாழ்வது? சார்த்தரின் நாடகம் இக்கேள்வியையே சுற்றிவருகிறது என்று அவரே பின்னாளில் கூறினார். அவருடைய விடை, வருந்தாதே, பொறுப்பேற்றுக்கொள் என்பது. இது எளிய விடை அன்று. பணயக்கைதியின் தாய்க்கு அது எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை நாடகம் கேட்கவில்லை என்ற குறையும் உண்டு.

'ஈக்கள்' 1943 யூன் தொடக்கத்தில் மேடையேறியது. நெறியாள்கை ஷார்ல் டுய்லன். கடவுள் யூப்பிற்றராக நடித்தவரும் அவரே. அரங்கு எது? சாரா பெர்னார்டின் பெயர் அழிக்கப்பட்ட அதே 'நகர அரங்கு'. அரங்கின் பெயரழிப்பை ஏற்றுக்கொண்ட மேடையில்தான் அடிபணியாமையின் நாடகம் ஆடப்பட்டது. அல்பேர் காம்யு சார்த்தரை முதன்முதலாகச் சந்தித்ததும் இந்நாடகத்தின் தொடக்க வேளையிலேயே. ஆனால் பெரிய மண்டபம் நிரம்பவில்லை. நாடகம் நெடுநாள் ஓடவுமில்லை. எதிர்ப்பியக்கத்தின் தலைமறைவு இதழான 'லே லெத்ர் பிரான்சேஸ்' அதனை வரவேற்று எழுதியது. செய்தி தெளிவாக இருந்தது. அதைக் கேட்டவர்கள் சிலரே.

அனூயின் 'அன்ரிகனி' இதற்கு நேர்மாறானது. செய்தி தெளிவில்லை, கேட்டவர்களோ பல்லாயிரவர்.

அத்தெலியே அரங்கை 1940இல் டுய்லனிடமிருந்து பொறுப்பேற்றவர் அந்திரே பார்சாக். நெறியாள்கையும் காட்சியமைப்பும் அவருடையவை. மேடையில் ஒன்றுபோன்ற மூன்று வாயில்கள். வேறு அலங்காரம் இல்லை. கிரேயோன் மன்னன் மாலைவிருந்துக்குரிய நவீன உடையில் தோன்றினார். காவலர்கள் அணிந்திருந்த கறுப்பு மேலங்கிகளைப் பார்வையாளர் அன்றாடம் தெருவில் கண்டு அஞ்சிப் பழகியிருந்தனர். கிரேக்க நாடகத்தின் பாடற்குழுவுக்குப் பதிலாக ஒரே ஓர் உரைஞர். நாடகம் தொடங்கும்போது பாத்திரங்கள் அனைவரும் மேடையில் இருக்க, உரைஞர் ஒவ்வொருவராகச் சுட்டி அறிமுகப்படுத்துவார். இவள் அன்ரிகனி, இவள் இன்று சாகப்போகிறாள் என்பது தொடக்கத்திலேயே அறிவிக்கப்படும். ஈழத்து நவீன அரங்கில் உரைஞர் என்னும் பாத்திரத்தோடு பழகியவர்களுக்கு இவ்வுத்தி அந்நியமாகத் தோன்றாது.

கதை அறிந்ததே. எத்தியோகிளிஸ், பொலினைசிஸ் ஆகிய உடன்பிறந்தார் இருவர் ஆட்சிக்காகப் பொருது ஒருவர் கையால் ஒருவர் மாண்டனர். புதிய மன்னனான மாமன் கிரேயோன் ஒருவனுக்கு அரச மரியாதையுடன் அடக்கம் செய்கிறான்; மற்றவனைத் துரோகி என்று அறிவித்து, அவன் உடல் நாய்க்கும் கழுகுக்கும் இரையாகக் கிடக்கட்டும், அடக்கம் செய்பவருக்குச் சாவு என்று ஆணையிடுகிறான். அன்ரிகனி மண் தூவுகிறாள். இறந்தோர்க்குரிய கடனைச் செய்வதற்கு அரசின் அனுமதி வேண்டுமா என்ற வினா இதில் அடங்கியுள்ளது. துயிலிடங்கள் இடிக்கப்பட்ட ஊர்களிலிருந்து வந்தோருக்கு இதற்கு உரையாசிரியர் வேண்டியதில்லை.

சோபோகிளிசின் அன்ரிகனிக்குத் தான் ஏன் சாகிறாள் என்பது தெரியும். அரசனின் ஆணைக்கு மேலே எழுதப்படாத சட்டங்கள் உள. அவை நேற்றோ இன்றோ தோன்றியவை அல்ல. அவற்றை மீறுவதைவிடச் சாவது மேல் என்று அவள் நிற்கிறாள். அனூய் இந்த நிலைக்களத்தை அவள் காலடியிலிருந்து உருவி எடுத்துவிடுகிறார். நாடகத்தின் நடுவே கிரேயோனும் அவளும் நெடுநேரம் வாதிடும் காட்சி உண்டு. உன் தமையன் இருவருமே கயவர்கள் என்று கிரேயோன் அவளுக்கு எடுத்துக்காட்டுகிறான். போர்க்களத்தில் இருவர் உடலும் அடையாளம் தெரியாதவாறு சிதைந்து கிடந்தன. அவற்றுள் ஒன்றை எடுத்து அடக்கம் செய்தோம், எவன் அங்கே அழுகுகிறான் என்பது எனக்கே தெரியாது என்கிறான். அன்ரிகனி தளர்கிறாள், தன் அறைக்குத் திரும்பிப் போகவும் ஒருப்படுகிறாள். பின்னர் கிரேயோன் அவளுக்கு வாழ்வின் சிறு மகிழ்ச்சிகளை எடுத்துக்கூறும்போது, அந்தச் சிறுமையே பொறுக்காமல் மீண்டும் எழுந்து மறுக்கிறாள். அவள் மறுப்பு இப்போது தமையனுக்காக அன்று, கடவுளுக்காக அன்று, மறுப்புக்காகவே மறுப்பு.

கிரேயோனின் தரப்போ வலுவாக ஒலிக்கிறது. கப்பல் மூழ்கும்போது யாரேனும் ஒருவர் சுக்கானைப் பிடிக்கவேண்டும். அழுக்கான வேலையை யாரேனும் செய்தாகவேண்டும். எனக்கும் இது விருப்பமில்லை என்று அவன் கூறும்போது, விஷி அமைச்சர்களின் நியாயம் மிக நாகரிகமான வடிவில் மேடையேறியது. சோபோகிளிசில் குருட்டுத் தீர்க்கதரிசி தைரேசியாஸ் வந்து கிரேயோனை நோக்கி நீ செய்தது பிழை என்று உரைப்பார். தெய்வங்கள் சினந்துள்ளன என்பார். கிரேயோனும் அஞ்சித் தன் ஆணையை மாற்ற முற்படுவான், ஆனால் காலம் கடந்துவிடும். அனூய் தைரேசியாசை நீக்கிவிட்டார். ஆகவே அவருடைய நாடகத்தில் அரசனுக்கு மேலிருந்து தீர்ப்புச் சொல்ல எவருமில்லை. இந்த நீக்கமே அந்நாடகத்தில் நிகழ்ந்த மிகப்பெரிய மாற்றம். உடையையும் கறுப்பு அங்கியையும் பற்றி எழுதிய விமர்சகர்கள் பலர் இதற்குரிய இடத்தைக் கொடுக்கவில்லை.

எனில், இந்நாடகம் சரணாகதியின் நாடகமா? அவ்வாறு தீர்த்துவிடவும் முடியவில்லை. இறுதிப் பகுதியில் அன்ரிகனி ஒரு காவலனோடு தனித்திருக்கிறாள். அவனுக்குத் தன் சம்பளமும் பதவியுயர்வும்தான் பேச்சு. சாகப்போகும் பெண், காதலன் ஹேமொனுக்கு ஒரு மடல் எழுதித்தரும்படி தன் மோதிரத்தைக் கொடுத்து அவனிடம் கேட்கிறாள். தான் எதற்காகச் சாகிறேன் என்பது இப்போது தனக்கே தெரியவில்லை என்று சொல்லச் சொல்ல அவன் எழுதுகிறான். பின்னர் அதை அடித்துவிடும்படி சொல்கிறாள். அவள் அச்சம் எவருக்கும் தெரியவேண்டாம்.

அதே மாதத்தில் பாரிஸ் நகரச் சுவர்களில் ஒரு சிவப்புச் சுவரொட்டி காணப்பட்டது. ஆர்மீனியரான மிசாக் மனூஷியான் தலைமையிலான எதிர்ப்புக் குழுவினரின் முகங்கள் அதில் அச்சிடப்பட்டிருந்தன. அவர்களுட் பலர் வெளிநாட்டவர், பலர் யூதர். இவர்களா உங்கள் விடுதலையாளர்கள் என்று பிரெஞ்சு மக்களைக் கேலிசெய்வதே அச்சுவரொட்டியின் நோக்கம். அன்ரிகனி மேடையேறிப் பதினேழு நாள்களின் பின், 1944 பெப்ரவரி 21இல், மோன் வலேரியன் கோட்டையில் அக்குழுவின் 22 ஆண்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அக்குழுவைச் சேர்ந்த ஒல்கா பன்சிக் என்ற பெண் ஜேர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டு மே 10இல் தலை துண்டிக்கப்பட்டார். மனூஷியான் சாவதற்குச் சில மணிநேரம் முன்பு தன் மனைவி மெலினேக்கு மடலொன்று எழுதினார். அத்தகைய மடல்கள் அந்நாள்களில் பிரான்சின் பல வீடுகளுக்கு வந்துசேர்ந்தன. மேடையில் ஒரு பெண் தன் கடைசி மடலைச் சொல்லச் சொல்லக் காவலன் எழுதும்போது, அவ்வவையில் இருந்தவர்கள் எதை நினைத்திருப்பர்? பிரதியில் என்ன இருந்தது என்பதைவிட, பார்வையாளர் தம் வீட்டிலிருந்து எதைக் கொண்டுவந்தனர் என்பதே அங்கு நாடகத்தின் பொருளைத் தீர்மானித்தது.

அனூயின் உள்ளக்கிடக்கை யாது? அவர் எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். எப்பக்கமும் சாராது ஒதுங்கி நின்றவர். 1941 ஓகஸ்ட் 27இல் போல் கொலெத் என்ற இளைஞன் வெர்சாயில் நடந்த அணிவகுப்பில் எந்த அமைப்பின் கட்டளையுமின்றித் தனியே நின்று, விஷி அரசியல்வாதி பியர் லவாலையும் ஒத்துழைப்பாளர் மார்செல் தேயாவையும் சுட்டுக் காயப்படுத்தினான். பயன் இராது என்று தெரிந்தும் செய்த அச்செயலே அன்ரிகனிக்கு வித்து என்று கூறப்படுவதுண்டு. மரண தண்டனைகளை அறிவித்து ஒட்டப்பட்ட சிவப்பு அறிவித்தல்களைக் கண்ட நாளில் சோபோகிளிசின் நாடகம் தன்னைத் தாக்கியதாக அனூய் பின்னர் எழுதினார். அவர் கூற்றை ஐயுறவேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாக்கம் அவருக்குள் இருபக்கமும் பாய்ந்தது என்பதும் நாடகத்திலிருந்து தெளிவு.

நாடகத்தை முதலில் புகழ்ந்தவர்களுள் ஒருவர், நாசி ஆதரவு ஏடான 'ழ சுயி பார்த்தூ'வின் விமர்சகர் அலென் லோப்ரோ என்பது பலரை உறுத்தியது. மறுபுறம், தலைமறைவு இதழ் 'லே லெத்ர் பிரான்சேஸ்' 1944 மார்ச்சில் கிளோத் ருவாவின் கடுமையான கட்டுரையை வெளியிட்டது. நம்முடைய அன்ரிகனி வேறு, அவர்களுடைய அன்ரிகனி வேறு என்பது அதன் சாரம். மானுடரை இகழ்ந்து, வாழ்வை வெறுத்து மறுப்பவள் எதிர்ப்பின் உருவம் ஆகாள். உண்மையான அன்ரிகனிகள் வாழ்வை நேசித்ததாலேயே சாகிறார்கள் என்ற உணர்வு அதில் இருந்தது. இக்கண்டனத்தில் நியாயம் உண்டு. மனூஷியான் குழுவினர் தாம் எதற்காகச் சாகிறோம் என்பதை நன்கு அறிந்தே செத்தனர். அதை அறியாத அன்ரிகனி அவர்களுக்கு இழைக்கப்பட்ட குறை என்று ஒருவர் கருதினால் அவரைப் பிழை சொல்ல இயலாது.

எனினும் கண்டனக் கட்டுரை எட்டாத ஓரிடம் உண்டு. அந்த மண்டபத்தில் இருந்த இளையோர் பலர் அன்ரிகனியின் 'இல்லை' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு சென்றனர். அதற்குரிய காரணங்களை அவர்களே நிரப்பிக்கொண்டனர். நாடகாசிரியர் வெறுமையாக விட்ட இடம் அவர்களுக்குப் போதுமான இடமாயிற்று. தணிக்கையின் கீழ் எழுதப்பட்ட படைப்பை மதிப்பிடுவோர் ஆசிரியரின் கருத்தை மட்டும் நிறுத்துப் பார்ப்பது முறையன்று. அதேவேளை, பார்வையாளர் நிரப்பிக்கொண்டதை ஆசிரியரின் வீரமாக வரவுவைப்பதும் முறையன்று. போருக்குப் பின் பிரான்சில் இவ்விரண்டாவது பிழையே மிகுதியாக நிகழ்ந்தது. பாடப்புத்தகங்கள் வரை அனூயின் நாடகம் எதிர்ப்பின் நாடகமாக உருமாறியது.

1944 ஓகஸ்ட் 25இல் பாரிஸ் விடுவிக்கப்பட்டது. சண்டையின்போது நின்றிருந்த அன்ரிகனி, விடுதலைக்குப் பின் அதே மேடையில் மீண்டும் ஆடப்பட்டு நெடுங்காலம் ஓடியது. ஒத்துழைப்பாளர்கள் மீது வழக்குகள் தொடங்கின. 'ழ சுயி பார்த்தூ'வின் முன்னாள் ஆசிரியரான எழுத்தாளர் ரொபேர் பிராசியாக்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. யூத வெறுப்பைப் பேனாவால் பரப்பியவர் அவர்; கிரேக்கக் கவிதைகளை மொழிபெயர்த்துத் தொகுத்தவரும் அவரே. அவரைக் கொல்லவேண்டாம் என்று ஜெனரல் டி கோலுக்கு விண்ணப்பம் அனுப்ப, கையொப்பம் கேட்டு எழுத்தாளர்களின் வாசல்தோறும் ஏறி இறங்கியவர்களுள் அனூயும் ஒருவர். காம்யு தயங்கிக் கையொப்பமிட்டார், சார்த்தர் மறுத்தார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை; 1945 பெப்ரவரி 6இல் பிராசியாக் சுடப்பட்டார். தமையன் கயவன் என்று அறிந்தபின்னும் மண் தூவச் சென்ற தன் அன்ரிகனியை அனூய் அன்று நினைத்திருப்பாரோ என்று கேட்கத் தோன்றும். கேட்கலாம், ஆனால் அதே கையொப்பக் கோரிக்கை மோன் வலேரியனில் சுடப்பட்ட 22 பேருக்காக எழவில்லை என்பதையும் உடன்வைத்தே கேட்கவேண்டும்.

'ஈக்கள்' நாடகத்துக்கு வேறொரு விதி காத்திருந்தது. 1948 ஜனவரியில் அது பேர்லின் நகரில் யூர்கன் ஃபேலிங்கின் நெறியாள்கையில் ஆடப்பட்டது. இடிபாடுகளுக்கு நடுவே நின்ற அந்நகரில், தம் பெயரால் இழைக்கப்பட்ட குற்றங்களுக்கு விடைகூறும்படி உலகம் ஜேர்மானியரைக் கேட்டுக்கொண்டிருந்த நேரம். வருந்தி மார்பில் அறைந்துகொள்ளாதே என்ற குரல் இப்போது அவர்களின் காதில் விழுந்தது. பாரிசில் அது விலங்கை உடைக்கும் சொல். பேர்லினிலோ, குற்றத்தைக் கழுவிக்கொள்ளக் கிடைத்த நீராகவும் சிலருக்குப் பயன்படக்கூடிய சொல். அங்கு நடந்த பொது விவாதத்தில் சார்த்தர் நேரிற் கலந்துகொண்டு, பயனற்ற கழிவிரக்கம் வேறு, பொறுப்பேற்றல் வேறு என்று விளக்கவேண்டியதாயிற்று. நாடகத்தில் ஒரு வரியும் மாறவில்லை. மாறியது அவை மட்டுமே.

அடுத்த மாதமே, 1948 பெப்ரவரியில், சுவிற்சர்லாந்தின் கூர் நகரில் பெர்ரோல்ட் பிரெக்ட் தம் 'அன்ரிகனி'யை மேடையேற்றினார். ஹெலன வைகல் அன்ரிகனியாக நடித்தார். பிரெக்ட் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1945 ஏப்ரலில் பேர்லினில் வாழும் இரு சகோதரிகளின் காட்சியை முகவுரையாக இணைத்து, கிரேயோன் யார் என்பதை எவரும் தவறாக விளங்கிக்கொள்ளாதபடி செய்துவிட்டார். தணிக்கையாளன் இல்லாத நாட்டில், போர் முடிந்தபின், அவ்வாறு செய்ய இயன்றது. அதனாலேயே அவருடைய ஆற்றுகை பாரிஸ் ஆற்றுகையைவிடத் துணிவு மிக்கது என்று கூறிவிட முடியாது. நேர்மை மிக்கது என்று கூறலாம்.

நாடகத்தைக் காவலரின் அனுமதியோடு ஆடவேண்டிய நிலை உலகப்போரோடு முடிந்துவிடவும் இல்லை. தென்னாபிரிக்காவின் றொபன் தீவுச் சிறையில் அரசியற் கைதிகள் தமக்குள் ஒரு நாடகக் குழுவை அமைத்து, கிறிஸ்மஸ் காலத்தில் நாடகம் ஆடிவந்தனர். அவர்கள் ஆடியவற்றுள் ஒன்று சோபோகிளிசின் 'அன்ரிகனி'. ஆடியவரும் கைதிகள், பார்த்தவரும் கைதிகள். அன்ரிகனியின் பக்கம் நிற்காதவர் அந்த அவையில் ஒருவரும் இருந்திரார். ஆயினும் ஒருவர் கிரேயோனாக நடித்தே ஆகவேண்டும். அந்த வேடத்தை ஏற்றவர் நெல்சன் மண்டேலா.